இதுல நிழல் எங்க?

"எல்லாம் சரி தம்பி, இதுல நிழல் எங்க இருக்கு?"

பூக்கார அக்கா மேப்பைத் தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். கேள்வி மட்டும் நேராக வந்தது.

மேற்கு மாம்பலத்தில் மூணு வாரம் அலைந்து நான் வரைந்தது. நடைபாதை அகலம், பஸ் ஸ்டாப், வடிகால், எல்லாம் கலர் கலராக இருக்கிறது. மதியம் மூணு மணிக்கு எந்தப் பக்கம் வெயில் என்பது மட்டும் இல்லை.

வெயிலில் மல்லி வாடிவிடும். அக்கா எதிர்ச்சாரியைக் காட்டினார். "அந்தக் கட்டடம் மறைச்சுக்கும். அதான் முப்பது வருஷமா அங்கயே உக்காந்திருக்கேன்."

என் மேப்பில் அந்த இடம் சிவப்பு. வியாபாரம் கூடாது.

தெருவோரக் கடைகள் எங்கே இருக்கலாம் என்று ஆலோசிக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்கணும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம். பயிற்சி வகுப்புகளில் ஒப்பிப்பேன். சமூக நீதி, பிரதிநிதித்துவம் என்று ஸ்லைடும் உண்டு. ஏதோ போனால் போகிறதென்று நாம் இடம் கொடுப்பது மாதிரிதான் இத்தனை நாள் பேசியிருக்கிறேன் போல. நிழல் தெரிந்த ஆள் அந்த மேஜையில் உட்காரணும், அவ்வளவுதான். இன்றைக்குத்தான் உறைத்தது.

பதினாலு வருஷமாக இதே கன்சல்டன்ட் வேலை. என் ஒருநாள் ஃபீஸ் எவ்வளவு என்று அக்கா கேட்கவில்லை. நல்லவேளை.

திங்கள்கிழமை மூணு மணிக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.

"குடை எடுத்துட்டு வா."