ஆறு புள்ளிகள் உறுதி என்றார்கள்: ஒரு கால்பந்து ரசிகனின் நாட்குறிப்பு

2024 மார்ச் 11, திங்கள்

ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இந்திய அணி ஆட வேண்டிய இரண்டு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்களும் நெருங்கிவிட்டன. முதல் ஆட்டம் 21ஆம் தேதி சவூதி அரேபியாவின் அபா நகரில் நடக்கிறது. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். அடுத்தது 26ஆம் தேதி குவாஹாட்டியில். ஃபிஃபா தரவரிசையில் நாம் 117ஆம் இடத்திலும் அவர்கள் 158ஆம் இடத்திலும் இருப்பதால், என்னோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கிற நண்பர்கள் எல்லாரும், வெற்றிக்கு மூன்று வீதம் "ஆறு புள்ளிகள்" என்ற சொல்லை ஏற்கெனவே கையில் வாங்கிவிட்டதைப் போலவே பயன்படுத்துகிறார்கள்.

அவர்கள் அப்படிப் பேசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நவம்பரில் கத்தாரிடம் 1-8, குவைத்திடம் 0-4 என்று ஆப்கானிஸ்தான் தோற்றிருக்கிறது. அந்நாட்டுச் சம்மேளனத்தின் மீது ஊழல் குற்றச்சாட்டு சுமத்தி, மூத்த வீரர்கள் பலர் அணியைப் புறக்கணித்தும் இருக்கிறார்கள். சொந்த ஆட்டத்தைக்கூடச் சொந்த மண்ணில் நடத்த முடியாமல் வேறு நாட்டில் ஆட வேண்டிய அணி அது.

2024 மார்ச் 16, சனி

இன்று பேச்சு முழுவதும் கோல் வித்தியாசத்தை, அதாவது அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியதாகவே இருந்தது. ஆசிய மண்டலத்தின் இந்த இரண்டாம் சுற்றில் 36 அணிகள் ஒன்பது பிரிவுகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் மூன்றாம் சுற்றுக்குப் போவதோடு 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரடியாகத் தகுதி பெறுகின்றன. 2026 உலகக் கோப்பையில் 48 அணிகள் என்றாகி, ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள் கிடைத்திருப்பதால், இதுவரை மூன்றாம் சுற்றையே எட்டாத நமக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் இடம் பிறந்திருக்கிறது. எங்கள் பிரிவில் கத்தார் முதலிடம் பெறும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆகவே போட்டி குவைத்துக்கும் நமக்கும்தான் என்றும், இருவரும் புள்ளிகளில் சமநிலைக்கு வந்தால் கோல் வித்தியாசமே முடிவு செய்யும் என்றும், அதனால் ஆப்கானிஸ்தானை வெறுமனே வென்றால் போதாது, மூன்று நான்கு கோல்களாவது அடித்தாக வேண்டும் என்றும் வாதம் நீண்டது.

அந்த வாதத்தில் எனக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். நாம் கடைசியாகக் கோல் அடித்தது எப்போது? நவம்பர் 16 அன்று குவைத் நகரில் மன்வீர் சிங் அடித்த அந்த ஒரே கோல்தான். அதன் பிறகு புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3. ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. நான்கு ஆட்டங்களாக வலையைத் தொடாத ஓர் அணிக்கு எத்தனை கோல் வித்தியாசம் தேவை என்று கணக்கிடுவது, குழந்தைக்குப் பெண் பார்ப்பதற்கு முன்பே பேரனுக்குப் பெயர் வைப்பதைப் போன்றது. இதைச் சொன்னபோது, "அவையெல்லாம் பெரிய அணிகள், இது ஆப்கானிஸ்தான்" என்ற பதில் வந்தது.

2024 மார்ச் 19, செவ்வாய்

"இது ஆப்கானிஸ்தான்" என்ற அந்தப் பதிலைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம் என்று பழைய முடிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2011இல் தெற்காசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அவர்களை 4-0 என்று வென்றோம். 2013இல் அதே இறுதியில் 0-2 என்று தோற்றோம். 2016 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் மீண்டும் கோப்பையைக் கைப்பற்றினோம். கடந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் துஷான்பேயிலும் தோஹாவிலும் 1-1 என்றே முடிந்தது. துஷான்பேயில் சமன் செய்த கோல் கூடுதல் நிமிடங்களில்தான் வந்தது, தோஹாவில் நமக்குக் கிடைத்ததோ அவர்களே தங்கள் வலைக்குள் விட்டுக்கொண்ட கோல். 2022 ஜூனில் கொல்கத்தாவில் நாம் 2-1 என்று வென்றோம் என்றாலும், மூன்று கோல்களும் கடைசிச் சில நிமிடங்களில்தான் விழுந்தன. இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது எளிதான ஆப்கானிஸ்தான்?

தரவரிசையில் மிகவும் பின்தங்கியிருந்த குவாம் தீவிடம் 2015 ஜூனில் 1-2 என்று தோற்ற கதையை இங்கே விரித்து எழுத விருப்பமில்லை.

எதிரணியில் ஆடுகிறவர்களில் பலர் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடிப் பழகியவர்கள். ஷரீஃப் முகமது நம் ஐ-லீக் கால்பந்துத் தொடரில் கோகுலம் கேரள அணிக்காக ஆடியவர். தலைமைப் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட், பெங்களூரு எஃப்சி அணிக்கு இரண்டு முறை ஐ-லீக் பட்டம் பெற்றுத் தந்தவர். இந்திய வீரர்களின் பலமும் பலவீனமும் அவருக்குப் புதிதல்ல.

2024 மார்ச் 22, வெள்ளி

0-0. விடியும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் மோசமானது என்று சொல்வதைவிட, எதிர்பார்த்த விதத்திலேயே மோசமாக இருந்தது என்பதே சரி. வலுவான அணி நம்மை நெருக்கி ஏறி வரும்போது அதன் தற்காப்புக்குப் பின்னால் வெற்றிடம் உருவாகும்; லல்லியன்சுவாலா சாங்தேயைப் போன்ற வேகமான பக்கவாட்டு வீரர்களுக்கு அந்த வெற்றிடமே தீனி. எதிரணி தன் பாதியிலேயே நெருங்கி நின்றுகொண்டு பந்தை நம்மிடம் விட்டுவிட்டால், குறுகிய இடத்தில் பந்தைக் கடத்தி, கோல் முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் ஒரு நொடியில் முடிக்கத் தெரிந்த முன்கள வீரர் வேண்டும். அணித் தலைவர் சுனில் சேத்ரியைத் தவிர அப்படி ஒருவர் நம்மிடம் இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை, ஏனெனில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் களத்தில் இருக்கலாம் என்ற விதியின் கீழ், கோல் அடிக்கும் பொறுப்புள்ள நடு முன்களத்தைப் பெரும்பாலான அணிகள் வெளிநாட்டவரிடமே ஒப்படைக்கின்றன. இந்திய முன்கள வீரர்கள் ஓரங்களுக்கு ஒதுக்கப்படுகிறார்கள். ஆண்டு முழுவதும் ஓரத்தில் ஓடியவரைத் தேசிய அணியின் சீருடை மட்டும் நடுவில் நின்று கோல் அடிப்பவராக மாற்றிவிடாது.

நண்பர்கள் இப்போது "நான்கு புள்ளிகள்" என்று திருத்திக்கொண்டுவிட்டார்கள். தோஹாவில் கத்தார் குவைத்தை 3-0 என்று வென்றதால் நாம் இரண்டாம் இடத்தில் இருக்கிறோம் என்பதும் அவர்களுக்கு ஆறுதல்: கத்தாருக்கு 9, நமக்கு 4, குவைத்துக்கு 3, ஆப்கானிஸ்தானுக்கு 1.

2024 மார்ச் 24, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிய கோபம் தணிவதற்குள் தரவரிசைக் கவலை தொடங்கிவிட்டது. சமநிலை கண்டதற்கும் புள்ளி குறையுமா என்று ஒருவர் கேட்டார். குறையும். 2018 முதல் ஃபிஃபா பின்பற்றும் முறையில், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் இரு அணிகளின் தரப்புள்ளி வித்தியாசத்தை வைத்து ஓர் எதிர்பார்ப்பு கணக்கிடப்படுகிறது. முடிவு அதைவிட மேலானதாக இருந்தால் புள்ளி கூடும், கீழானதாக இருந்தால் குறையும். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு 25 என்பது பெருக்கும் எண். எடுத்துக்காட்டாக, எதிரணியைவிட 150 தரப்புள்ளிகள் அதிகம் வைத்திருக்கும் அணியிடம் எதிர்பார்க்கப்படுவது சுமார் 0.64 (வெற்றி 1, சமநிலை 0.5, தோல்வி 0 என்ற அளவில்). அது வென்றால் கிடைப்பது ஏறத்தாழ 9 புள்ளிகள். சமநிலை கண்டால் மூன்றரைப் புள்ளிகள் போகும். தோற்றாலோ 16 புள்ளிகள் போய்விடும். எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றாலும் அந்த 9 மாறாது. பலவீனமான அணியுடன் மோதுவதில் ரசிகர்கள் காண்கிற லாபத்தை இந்தச் சூத்திரம் சற்றும் காண்பதில்லை. இழக்கக்கூடியதே அதிகம் என்கிறது.

தற்காப்பு வீரர் சந்தேஷ் ஜிங்கன் ஆசியக் கோப்பையில் அடைந்த காயத்தால் இன்னும் இல்லை. தற்காப்பில் அவர் குரல் கொடுக்காத குறை தெரிகிறது என்பது என் எண்ணம். நண்பர்கள் அதை ஏற்கவில்லை.

2024 மார்ச் 26, செவ்வாய், காலை

இன்று சுனில் சேத்ரியின் 150ஆவது சர்வதேச ஆட்டம். 2005 ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக அறிமுகமாகி, அன்றே கோலும் அடித்தவர், 39 வயதில் 93 கோல்களோடு குவாஹாட்டியின் இந்திரா காந்தி தடகள அரங்கில் இறங்குகிறார். மூன்றாம் சுற்றுக்கு அணியைக் கொண்டுசெல்ல முடியாவிட்டால் பதவி விலகுவேன் என்று பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் கூறியிருக்கிறார். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் பயிற்சியாளர் இப்படிப் பேசுவது வீரர்களுக்கு ஊக்கமா சுமையா என்று எனக்குத் தெளிவில்லை.

முடிவைக் கணிக்கச் சொன்னார்கள். 3-0, 4-0 என்று வரிசையாக எழுதியிருந்ததற்குக் கீழே நான் 1-0 என்று எழுதினேன். "இதில் என்ன மகிழ்ச்சி?" என்று கேட்டார்கள். ஏழு புள்ளிகளோடு ஜூன் மாதத்துக்குள் நுழைவதைவிடப் பெரிய மகிழ்ச்சி இந்த அணிக்கு இப்போது வேறில்லை.

அதே நாள், இரவு

இந்தியா 1, ஆப்கானிஸ்தான் 2.

38ஆவது நிமிடத்தில், எதிரணி வீரரின் கையில் பந்து பட்டதற்குக் கிடைத்த பெனால்டியைச் சேத்ரி கோலாக்கினார். அது அவருடைய 94ஆவது கோல். அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன்னால் இருந்தவர்களின் பேச்சு உடனே "இரண்டாம் பாதியில் இன்னும் மூன்று" என்று தாவியது. 70ஆவது நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி சமன் செய்தார். 88ஆவது நிமிடத்தில், நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து பெட்டிக்குள் செய்த தவறுக்காக வழங்கப்பட்ட பெனால்டியை ஷரீஃப் முகமது உள்ளே அனுப்பினார். அரங்கில் ஸ்டிமாக் வெளியேற வேண்டும் என்று முழக்கம் எழுந்தது. பயிற்சியாளரின் பங்கு பெரிது என்றாலும், முன்கள வீரர்களை உருவாக்காத அமைப்பை எந்த முழக்கமும் தொடவில்லை.

2024 மார்ச் 27, புதன்

குவைத்தைக் கத்தார் 2-1 என்று வென்றிருக்கிறது. ஆகவே இந்த முடிவுக்குப் பிறகும் நாம் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறோம். நமக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் தலா 4 புள்ளிகள், குவைத்துக்கு 3. கோல் வித்தியாசத்தில் நாம் மைனஸ் 3, அவர்கள் மைனஸ் 10. சென்ற வாரம் முழுவதும் நாம் வாதிட்ட கோல் வித்தியாசம் இறுதியில் நம்மைக் காப்பாற்றவே செய்திருக்கிறது. ஆனால் அதைச் சம்பாதித்துத் தந்தவை நவம்பரில் கத்தாரும் குவைத்தும் ஆப்கானிஸ்தானின் வலையில் போட்ட 12 கோல்கள்.

ஜூன் 6 அன்று நம் மண்ணில் குவைத், ஜூன் 11 அன்று கத்தாரின் மண்ணில் கத்தார். இரண்டாவதில் வெற்றியை யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதால், குவைத்தை வென்றாக வேண்டும். அதற்கு, நவம்பர் 16க்குப் பிறகு நாம் அடிக்காத ஒன்று தேவைப்படும்: பெனால்டி அல்லாத ஒரு கோல்.