சம்மட்டிக்குக் கீழே உளி பிடித்தவர்

ஒஹாயோவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வருடாவருடம் அமெரிக்க நாட்டார் கதைகளுக்கென்று சில வாரங்கள் ஒதுக்குவேன். பால் பன்யன் என்ற ராட்சத மரம்வெட்டியும் அவனுடைய நீலக் காளையும் மிதித்த தடங்களில் தண்ணீர் தேங்கித்தான் மின்னசோட்டாவின் ஏரிகள் உண்டாயின என்றதும் வகுப்பே குதூகலமாகிவிடும். ஆளாளுக்கு அதைவிடப் பெரிதாக அளப்பார்கள். அளக்கட்டும், மரவெட்டு முகாம்களிலும் அப்படித்தான் அளந்தார்கள். 1914-இல் ஒரு மரக் கம்பெனி அவனைத் தன் விளம்பரப் புத்தகத்தில் போட்டதையும் சொல்லிவிடுவேன்.

ஜான் ஹென்றி கதைக்கு வரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. மேற்கு வர்ஜீனியாவில் 1870-களின் தொடக்கத்தில் பிக் பெண்ட் ரயில் சுரங்கத்துக்காக மலையைக் குடைந்தபோது, சம்மட்டியால் உளியை அடித்துப் பாறையில் துளை போடும் இந்தக் கறுப்பினத் தொழிலாளி நீராவித் துளைப்பானோடு போட்டியிட்டு ஜெயித்து, அங்கேயே விழுந்து இறந்தார் என்பது கதை. அப்படி ஒருவர் இருந்தாரா, இருந்தால் எந்தச் சுரங்கத்தில் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அங்கே உழைத்த கறுப்பினத் தொழிலாளர்கள் நிஜம். அவர்களில் பலர் சில வருடங்கள் முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். குழந்தைகள்தானே என்று அந்தச் சாவை மழுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

சம்மட்டி அடிப்பவர் ஒருவர் என்றால், உளியைப் பிடிப்பவர் இன்னொருவர். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் உளியைச் சற்றே திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாறையில் சிக்கிக்கொள்ளும். சம்மட்டி கொஞ்சம் தவறினாலும் பிடித்தவர் கை போய்விடும். இதைப் புரியவைக்கப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பேன். ஒருவர் கைதட்ட, மற்றவர் தட்டுகளுக்கு நடுவே பென்சிலைத் திருப்ப வேண்டும். சீக்கிரமே தாளம் தப்பிவிடும். பாட்டு பாடச் சொன்னால் சரியாகிவிடும். சுரங்கத்தில் ஏன் பாடினார்கள் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த முறை ஒரு சிறுமி, "உளி பிடித்தவர் பேர் என்ன?" என்று கேட்டாள். ஜான் ஹென்றியைப் பற்றிய பல பாட்டுகளில் அவருக்குப் பெயரே கிடையாது என்றேன். சரி, அப்படியானால் அவர் கதையை நீங்களே எழுதுங்கள் என்று எல்லோருக்கும் வேலை கொடுத்தேன். ஜான் ஹென்றி இறந்த மறுநாள் காலையில் வேறொரு சம்மட்டிக்காரரோடு அவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தாள் அவள். நாயகனுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்க்கும் அந்தக் கண்ணைத்தான் இந்தப் பாடத்தில் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்த வாரம் கேசி ஜோன்ஸ். 1900-இல் மிசிசிப்பியில் ரயில் மோதி இறந்த எஞ்சின் டிரைவர். அவரோடு கரி அள்ளிப்போட்ட சிம் வெப் குதித்து உயிர் தப்பினார். இந்தத் தடவை கதையை வெப்பிடமிருந்தே தொடங்கப் போகிறேன்.