பி.எம். அன்னம்மாள் திருநாளுக்குப் போகும் முன், கடனைத் தீர்த்துவிட்டுப் போங்கள்

ஜூலை பிறந்துவிட்டால் கோலாலம்பூர் தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் பேச்சு இதுதான்: பி.எம்.முக்கு, அதாவது பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமுக்கு, எப்போது கிளம்புவது? 26-ஆம் தேதி அங்குள்ள கோயிலில், மரியாளின் தாய் அன்னம்மாளின் திருநாள். ஒன்பது நாள் ஜெபமான நவநாள் முடிந்து திருநாள் நெருங்கும்போது புக்கிட் மெர்தாஜாமில் கார் நகராது, மனிதர்கள்தான் நகருவார்கள். பிள்ளை வரம் கேட்டவர்கள், கட்டி கரைய வேண்டியவர்கள், மகனுக்கு வேலை கேட்டவர்கள் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு நேர்ச்சை. இந்துக் குடும்பங்களும் மெழுகுவத்தியோடு வருகின்றன. தாய் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

காரில் போவது பெரிய தலைவலி. கே.எல். சென்ட்ரலில் ஈ.டி.எஸ். ரயில் ஏறினால் ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். திருநாள் வார டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். கார்தான் என்றால், கையை ஆட்டி "இங்க, இங்க" என்று கூப்பிட்டுப் பத்து வெள்ளி (ரிங்கிட்), இருபது வெள்ளி கேட்கும் பார்க்கிங் ஆட்களிடம் முதலிலேயே விலை பேசிக்கொள்ளுங்கள். வாசலில் வாங்கும் மெழுகுவத்தியின் விலை நம் முகத்தைப் பார்த்து ஏறும். வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. கூட்டம் மிகுந்தால் பாதி எரிந்த திரியை எடுத்து அடுத்தவருக்கு இடம் விடுவார்கள். அதற்காகத் தொண்டர்களோடு சண்டை வேண்டாம். ஏற்றியதோடு உங்கள் நேர்ச்சை நிறைவேறிவிட்டது.

நேர்ச்சையைப் பற்றி நம்மிடையே நிறையக் குழப்பம். திருச்சபைச் சட்டம் 1191 சொல்வது தெளிவு: நிறைவேற்றக்கூடிய, மேலான ஒரு நன்மையைத் தருவதாகக் கடவுளுக்கு மனமார, தெரிந்தே கொடுக்கும் வாக்குதான் நேர்ச்சை. சட்டம் 1193-இன்படி அது வேண்டிக்கொண்டவரையே கட்டும். "அம்மா வேண்டிக்கிட்டாங்க, நான் மொட்டை போடலைன்னா பாவம்" என்று மகன் பயப்படத் தேவையில்லை. போனால் அது அன்பு. உடல்நிலையோ காசோ இடம் கொடுக்காவிட்டால் பங்குச் சாமியாரிடம் சொல்லி வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம். வெட்கப்பட்டு வருடக்கணக்கில் சுமந்து திரிவதுதான் தவறு.

ஆனால் நேர்ச்சைக்கு முந்திய கடன் ஒன்று இருக்கிறது. விவிலியத்தின் சீராக் ஞானம் 34-ஆம் அதிகாரம், அநியாயமாய்ச் சேர்த்ததிலிருந்து கொடுக்கும் காணிக்கை மாசுள்ளது என்கிறது. அதே அதிகாரம், கூலியாளின் கூலியைப் பிடித்துவைப்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் மத்தேயு 5-இல் சொன்னதும் இதே வரிசைதான். ஆயிரம் வெள்ளிக்குப் பூமாலை போட்டுவிட்டு, வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்ணின் பாஸ்போர்ட்டை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர் எந்த முகத்தோடு அங்கே நிற்பார்?

அதனால்தான் இந்த யாத்திரையில் மெழுகுவத்தி வரிசையைவிட, சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதன வரிசை முக்கியம் என்கிறோம். பழைய ஞானோபதேசம் ஐந்து காரியம் கேட்கும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதி), பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை), அபராதம் தீர்த்தல் (ஈடு செய்தல்). பெரும்பாலோர் தடுக்கி விழுவது முதலாவதிலும் கடைசியிலும்.

ஆத்தும சோதனையை வரிசையில் நின்றுகொண்டு செய்தால் "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்ற இரண்டு வரிதான் வரும். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒரு தாளோடு உட்காருங்கள். பத்துக் கட்டளைகளில் ஏழாவதையும் எட்டாவதையும் தொழிலோடு சேர்த்துப் படியுங்கள். நோயில்லாமல் வாங்கிய எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எத்தனை? செய்யாத ஓவர்டைமுக்குக் கை நீட்டியது எவ்வளவு? காரியம் முடிய "காப்பிக் காசு" கொடுத்ததும் வாங்கியதும் எப்போது? கடை வைத்திருப்பவரானால், ஆட்களின் சம்பளத்தில் இபிஎப் என்னும் சேமநிதிக்கு என்று 11 விழுக்காடு பிடித்தீர்களே, அதோடு உங்கள் பங்கு 12 அல்லது 13 விழுக்காட்டையும் சேர்த்துக் கட்டினீர்களா? பிடித்துவிட்டுக் கட்டாதது கடன் இல்லை, திருட்டு. எந்தப் பாவம், சுமாராக எத்தனை தடவை என்று எழுதுங்கள். மனைவியின் குற்றம், மேனேஜரின் குற்றமெல்லாம் அந்தத் தாளில் வேண்டாம். பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பெஞ்சில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு!

அடுத்து, அபராதம். சாமியார் மூன்று முறை 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னதோடு எடுத்த காசின் கணக்கு முடிந்துவிடாது. பழைய ஏற்பாட்டின் எண்ணிக்கை 5:7 பாவத்தை அறிக்கையிடச் சொன்ன கையோடு, எடுத்த முதல் தொகையையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 500 வெள்ளி என்றால் 600. நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவர் சக்கேயு நாலு மடங்கு என்றார். இன்று அந்த ஐந்தில் ஒரு பங்கு நம்மைக் கட்டாது, முதல் கட்டும். உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்கு. தேடியும் கிடைக்காவிட்டால் ஏழைகளுக்கு. கையில் இல்லையென்றால் மாதம் ஐம்பது வெள்ளியாக. ஊருக்கு முன் உங்களை நீங்களே அவமானப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை, பெயர் தெரியாமல் திருப்பினாலும் செல்லும். கோயில் உண்டியலில் போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைப்பதுதான் வழக்கமான ஏமாற்று. உரியவர் உயிரோடு, பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும்போது உண்டியலுக்கு என்ன வேலை?

2002-இல் கட்டிய பெரிய கோயிலில் தமிழ்த் திருப்பலி கண்டபின், கூட்டம் விட்ட நேரமாகப் பார்த்து 1888-ஆம் ஆண்டுப் பழைய கோயிலுக்குப் போங்கள். 2019-இல் பசிலிக்கா என்ற பட்டம், ரோமாபுரி தரும் சிறப்புக் கோயில் தகுதி, வந்தது, சந்தோஷம். ஆனால் மனம் ஒட்டுவது இந்தப் பழைய சுவர்களோடுதான். வளாகத்திலேயே செரோக் தொக்குன் பாறையும் இருக்கிறது, 1845-இல் பிரிட்டிஷ் படை அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த பல்லவ எழுத்துகளோடு. தமிழர்கள் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே தீர்த்தம் பிடிக்க ஓடுகிறார்கள்.

அன்னம்மாள் சுரூபத்தின் முன் நெருங்கியதும் பின்னாலிருந்து தள்ளுவார்கள், கிடைப்பது சில விநாடி. வேண்டுதல் பட்டியல் மறந்துபோகும், போகட்டும். பாதத்தில் ஆயிரம் கைகள் பட்டிருக்கும். அதே இடத்தில் உங்கள் கையும் படும்போது வாயில் வருவது ஒன்றுதான்: நன்றி, தாயே. கேட்டதற்கு நன்றி, கேட்காமல் தந்ததற்கு நன்றி, இரவில் அந்தத் தாளை எழுத வைத்ததற்கு நன்றி. அவருடைய கணவர் சுவக்கினும் செல்வந்தர்தான். அவர் தம் ஆஸ்தியை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் அந்நியருக்கும், ஒரு பங்கை இறைப்பணியாளருக்கும் கொடுத்து, மூன்றாவதை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொண்டதாக மரபுக் கதை சொல்லும். அப்படிப்பட்ட வீட்டுக்காரியிடம் கை நீட்டித்தான் நாம் வரம் கேட்கிறோம்.

கிளம்பும் முன் தீர்க்காத மிச்சம் ஏதாவது இருந்தால், திரும்பும் ரயிலிலேயே போனில் வங்கிக் கணக்கைத் திறந்து, அனுப்ப வேண்டியதை அனுப்பிவிடுங்கள். ஈப்போ தாண்டினால் தூக்கம் வரும், வீடு வந்தால் சாக்கு வரும். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: ஜூலைச் சம்பளத்துக்கு இபிஎப் கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் 15. அன்னம்மாளின் மகள் மரியாளின் விண்ணேற்புத் திருநாளும் அன்றுதான்.