மூன்று வாரக் காய்ச்சல்
குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மதியம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆடுகிறோம் என்பதைவிட ஆள் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே சரி. 1974இல் வந்த ஆட்டம்; ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் புகுந்து பகடை உருட்டி ஆடுவது. 20 முகப் பகடையில் இருபது விழுந்தால் அரக்கனுக்கே அடி விழும், கோத்தகிரியிலிருந்து வரவேண்டியவன்தான் வரமாட்டான். மழை, மூடுபனி என்றால் புரிகிறது, மலைப்பாதையில் யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். ஆனால் கதை நடத்துகிற நான் மூன்று இரவு உட்கார்ந்து குகை வரைபடம் போட்டு, வர்க்கி வாங்கி வைத்து, டீயும் ஆறின பிறகு "மச்சி, இன்னிக்கு முடியல" என்று மெசேஜ் வந்தால் எரிச்சல் வராதா? முந்தின நாளே சொல்லித் தொலைக்கலாமே. இப்போதெல்லாம் ஐந்து பேரில் மூவர் வந்தாலே தொடங்கிவிடுகிறோம். வராதவனின் பாத்திரமான மந்திரவாதி, கதையில் கூடாரத்தில் காய்ச்சலோடு படுத்திருப்பான். மூன்று வாரமாக அவனுக்குக் காய்ச்சல் விடவில்லை.