கம்பம் நட்டாயிற்று, கம்பி எப்போது?

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் பாதையை ரயில்வேக்காரர்கள் இன்றும் 'மெயின் லைன்' என்றுதான் சொல்வார்கள். விருத்தாசலம் வழியாகக் குறுக்கே திருச்சிக்கு ஓடுவது 'கார்டு லைன்'. சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. 1960-களின் நடுவில் மின்கம்பி விழுப்புரத்தைத் தொட்டது. அங்கிருந்து மெயின் லைனுக்குள் நுழைய அரை நூற்றாண்டு ஆயிற்று. மீட்டர் கேஜ் மாறி, 2010-ல் விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதற்கு வழி பிறந்தது.

மின்மயமாக்கல் வேலை நடக்கிற காலத்தில் எந்த ஸ்டேஷனிலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: "கம்பம் நட்டு ஆறு மாசம் ஆச்சே, கம்பியைக் காணோமே?" நியாயமான கேள்வி. மாதாந்திர அறிக்கையில் 'மாஸ்ட் 90 சதவீதம்', அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு கம்பம் நட்டாயிற்று என்று இருக்கும். படிப்பவர் இன்னும் பத்து சதவீதம்தானே என்று நினைப்பார். அந்தப் பத்து சதவீதம் எங்கே கிடக்கிறது என்பதை அறிக்கை சொல்லாது.

மேல்நிலைக் கம்பி விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை ஒரே இழையாகப் போவதில்லை. சுமார் 1,500 மீட்டர் நீளத் துண்டுகளாகத்தான் இழுக்கப்படுகிறது. இதற்கு டென்ஷன் லென்த் என்று பெயர். ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் கம்பியை விறைப்பாகப் பிடித்து வைக்க எடைக்கற்கள் தொங்கும், நடுவில் கம்பி நகராமல் கட்டப்பட்டிருக்கும். நேர்பாதையில் கம்பத்துக்குக் கம்பம் அதிகபட்சம் 72 மீட்டர். வளைவு கூடக் கூட அது 4.5 மீட்டர் படிகளாக, 67.5, 63 என்று இறங்கும். ஆக ஒரு துண்டுக்கு இருபத்துச் சொச்சம் கம்பங்கள். அவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குக் கம்பி இழுக்க முடியாது. விடுபட்ட பத்து சதவீதக் கம்பங்கள் துண்டுக்கு இரண்டு என்று சிதறிக் கிடந்தால், கம்பி இழுக்கத் தகுதியான நீளம் பூஜ்யம். முன்னேற்றத்தை எண்ண வேண்டுமென்றால், முழுமையாகத் தயாரான டென்ஷன் லென்த் எத்தனை என்றுதான் எண்ண வேண்டும். கம்பக் கணக்கு புகைப்படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

விடுபடும் கம்பங்கள் பெரும்பாலும் ஸ்டேஷன் யார்டின் முனைகளிலும், மதகுகளை ஒட்டியும், கேபிள் மேலேயும் வருபவை. பாதையோரம் சிக்னல் கேபிள் எங்கே புதைந்திருக்கிறது என்பது வரைபடத்தில் ஒரு மாதிரியும் மண்ணுக்குள் வேறு மாதிரியும் இருக்கும். ஜே.சி.பி. பக்கெட் ஒரு கேபிளை அறுத்தால் சிக்னல் சிவப்பாகிவிடும், வண்டிகள் வரிசையாக நின்றுவிடும், அடுத்த பதினைந்து நாளைக்கு யாரும் குழி தோண்ட அனுமதி தரமாட்டார்கள். அதனால் சிக்னல் பிரிவு ஆட்களோடு நடந்து தடம் பார்த்து, முதல் ஒரு மீட்டரைக் கடப்பாரையால் தோண்டிய பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும். மெதுவான வேலை, ஆனால் இதைவிட வேகமான வழி கிடையாது.

டெல்டா மண்ணுக்கென்று ஒரு குணம் உண்டு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். கடினத் தரையில் போதுமான அஸ்திவாரம் இங்கே போதாது. இரண்டு, இரண்டரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே போக வேண்டியிருக்கும், கான்கிரீட்டும் அதற்கேற்பக் கூடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததும் ஒன்றரை மீட்டரிலேயே குழியில் ஊற்று எடுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மிஞ்சுவது ஜனவரியிலிருந்து மே வரை. குடந்தை, குத்தாலம் பக்கத்துக் குழிகளை இந்த ஐந்து மாதத்துக்குள் முடிக்கத் திட்டமிடாத அட்டவணை காகிதத்தில்தான் ஓடும். குழியை இரவு முழுக்கத் திறந்து போடவும் கூடாது. ஜல்லி சரிந்து, பாதை உட்கார்ந்துவிடும். காலையில் தோண்டினால் மாலைக்குள் கான்கிரீட் கொட்டியாக வேண்டும்.

கான்கிரீட்டின் நடுவில் ஒரு துளை விட்டு வைப்பார்கள். கம்பத்தைக் கிரேனால் அதில் இறக்கி, நிமிர்த்தி, சுற்றிலும் சாந்து நிரப்புவார்கள். நிமிர்த்துவது என்றாலும் தூக்குநூல் பிடித்தாற்போல் நேராக நிறுத்துவதில்லை. பாதைக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பதுதான் முறை. கம்பியின் பாரம் ஏறியதும் கம்பம் தானாக நேராகும். இது தெரியாத மேற்பார்வையாளர் குண்டு கட்டிப் பார்த்து நேராக்கிவிட்டால், கம்பி ஏறியபின் கம்பம் பாதைப் பக்கம் குனிந்து நிற்கும்.

அடுத்து கேன்டிலீவர், அதாவது கம்பத்திலிருந்து பாதைக்கு மேல் நீளும் குழாய்க் கை. ஒவ்வொரு கம்பத்துக்கும் அதன் குழாய் நீளம் தனித்தனி. கம்பத்துக்கும் பாதை மையத்துக்கும் உள்ள தூரம் (சாதாரணமாக 2.80 மீட்டர்), தண்டவாள மட்டம், வளைவில் வெளித் தண்டவாளம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, இவற்றை அளந்து, கணக்குப் போட்டு, டெப்போவில் வெட்டி, சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். மின்மயமாக்கலில் அதிக மனத்தாங்கலை உண்டாக்கும் சங்கதி இங்கேதான் வரும். அளந்து முடித்த பிறகு, பாதையைப் பராமரிக்கும் பொறியியல் பிரிவு ஜல்லி சலித்து, பாதையை எழுபது மில்லிமீட்டர் தூக்கி, இருபது மில்லிமீட்டர் நகர்த்திவிட்டுப் போகும். அவர்கள் செய்வதிலும் தவறில்லை. ஆனால் 5.60 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி இப்போது 5.53-ல். ஒவ்வொரு கேன்டிலீவரையும் மறுபடி திருத்த வேண்டும். கம்பத்தில் தண்டவாள மட்டத்தையும் தூரத்தையும் பெயின்டில் எழுதி வைப்பது இதற்காகத்தான். இரு பிரிவும் ஒரே தேதியில் கையெழுத்திட்ட மட்டம் ஒன்று இல்லாவிட்டால், பஞ்சாயத்துக்கு முடிவே இருக்காது.

கம்பி இழுப்பதற்கு 'பிளாக்' வேண்டும், அதாவது வண்டி விடாமல் பாதையைச் சில மணி நேரம் அடைத்துத் தர வேண்டும். இரட்டைப் பாதையில் ஒன்றை அடைத்தால் மற்றதில் வண்டி ஓடும். விழுப்புரம்–தஞ்சாவூர் ஒற்றைப் பாதை; பிளாக் கொடுத்தால் எல்லாமே நிற்கும். இரண்டு மணி நேரம் என்று சொல்லி, முந்தைய வண்டி தாமதமாகி, கைக்கு வருவது ஒன்றேகால் மணி. அதில் கம்பி டிரம்மைச் சுமந்து போய்க் கம்பி இழுக்கும் வயரிங் ரயில் ஸ்டேஷனிலிருந்து போகவும் திரும்பவும் அரை மணி. மேலே கம்பி பாதி தொங்கிக்கொண்டிருக்க வண்டி விட முடியாது. ஆகவே முழுத் துண்டையும் முடிக்க நேரம் போதாது என்று தெரிந்தால், டிரம்மை அவிழ்க்காமலே திரும்பிவிடுவதுதான் சரி. அன்றைய அறிக்கையில் 'முன்னேற்றம் இல்லை' என்று வரும். திட்டு வாங்கினாலும் அது நல்ல முடிவு.

முதலில் ஏறுவது கேட்டனரி, அதாவது கீழ்க் கம்பியைத் தாங்கும் மேல் கம்பி; 65 சதுர மில்லிமீட்டர் காட்மியம் செம்பு முறுக்குக் கம்பி. அதைக் கப்பிகளில் ஓடவிட்டு, இழுவிசை கொடுத்து, நீண்டு அடங்கச் சில நாள் விட வேண்டும். பிறகு அதன் கீழே 107 சதுர மில்லிமீட்டர் கான்டாக்ட் வயர் (எஞ்சின் மின்சாரம் எடுக்கும் கம்பி), மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒரு துண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் செம்பு. இரண்டும் தலா 1,000 கிலோ இழுவிசையில் நிற்கும். இரண்டையும் இணைத்து இடையே தொங்கும் டிராப்பர்கள் நடுவில் குட்டையாகவும் ஓரத்தில் நீளமாகவும் இருக்கும். அட்டவணைப்படி வரிசை மாறாமல் மாட்ட வேண்டும். ஒன்று இடம் மாறினால் அந்த இடத்தில் கம்பி விறைத்துக்கொண்டு, எஞ்சின் கூரையிலிருந்து கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் துள்ளி, பொறி பறக்கும். டிரம்மிலிருந்து வரும்போது விழுந்த முறுக்கும் அப்படியே. அதை மரச் சுத்தியலால்தான் நீக்க வேண்டும், இரும்பால் தட்டினால் தழும்பு நிற்கும். கம்பி நேர்கோட்டில் போகாமல் கம்பத்துக்குக் கம்பம் மையத்திலிருந்து 200 மில்லிமீட்டர் இடமும் வலமுமாக நெளிவது வேண்டுமென்றே செய்வது. இல்லையென்றால் பாண்டோவின் கரிப்பட்டையை ஒரே இடத்தில் அறுத்துவிடும்.

முனையில் தொங்கும் எடைக்கற்கள் வெயிலுக்கும் குளிருக்கும் ஏறி இறங்கும். 750 மீட்டர் செம்பு 30 டிகிரி வேறுபாட்டில் 38 சென்டிமீட்டர் நீளும். கப்பி 3:1 என்பதால் எடை ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். இந்தப் பக்கத்தில் இதற்கு முதல் எதிரி கொடி. மழைக்குப் பின், எடை ஏறி இறங்கும் வழிகாட்டிக் கம்பியில் கோவைக்கொடி சுற்றி, எடையைப் பிடித்துக்கொள்ளும். கற்களுக்கடியில் மண் சேர்ந்தாலும் அதே கதை. மதிய வெயிலில் கம்பி தொய்யும்போதுதான் தெரியவரும்.

கம்பி ஏறிய பிறகும் மின்சாரம் வராததற்கு முக்கியக் காரணம், குறுக்கே போகும் மின்வாரியக் கம்பிகள். பம்புசெட்டுகளுக்குப் போகும் 11 கிலோவோல்ட் லைன்கள் டெல்டாவில் நிறைய. அவை எல்லாம் பாதைக்கு அடியில் கேபிளாக மாற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு, பணம் கட்டுதல், மின்நிறுத்தம். நாற்றங்கால் நேரத்தில் மின்நிறுத்தம் கேட்டால் எந்த உதவிப் பொறியாளரும் தரமாட்டார். கம்பம் நடுவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை இது. கடைசியில்தான் எல்லோருக்கும் நினைவு வரும். தென்னை மரங்களும் அப்படித்தான். ரயில்வே எல்லைக்கு வெளியே நிற்பவை, காய்க்கிறவை. உரியவரிடம் தன்மையாகப் பேசாமல் நகராது. லெவல் கிராசிங் கேட்டுகளில் வைக்கோல் லாரிக்கும் கரும்பு லாரிக்கும் 4.67 மீட்டரில் உயரத்தடுப்பு நிற்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தால், இன்ன தேதி முதல் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கும் என்று அறிவிப்பு வரும். மெக்கர் என்ற கருவியில் மின்காப்பு (இன்சுலேஷன்) சரியா என்று பார்த்து, மின்சாரம் கொடுப்பார்கள். பிறகு எஞ்சின் ஓட்டம். அதை இரவில் வைப்பது நல்லது, பகலில் பொறி தெரியாது. எஞ்சினோடு போகும் டவர் வேகனின் (மேல்கம்பி வேலைக்கான வண்டி) கூண்டில் உட்கார்ந்திருப்பவர் பாண்டோவையே பார்த்துக்கொண்டு, நீலமாக ஒன்று மின்னியதும் கம்ப எண்ணைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் நோட்டில் குறித்துக்கொள்வார். மறுநாள் காலை பிளாக் கிடைத்ததும் ஏணி அந்தக் கம்பத்துக்குப் போகும். பெரும்பாலும் அங்கே ஒரு டிராப்பர் இடம் மாறியிருக்கும்.