சட்டியில நிக்காத ஆர்க்கிட்டும் எங்கம்மாவும்

எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, பாதி வீட்டு கார் போர்ச்ல ஆர்க்கிட் இருக்கு, ஆனா எல்லாம் சொன்ன பேச்சு கேக்குற ஆர்க்கிட், வச்ச சட்டியில உக்காந்துக்கிட்டு தோணும்போது பூத்துட்டு போயிடும். நான் வாங்கினது வேற ஜாதி. பேரு பல்போஃபைலம் பேட்டன்ஸ். நம்ம மலேசியா காட்டுலயே மரத்து மேல ஊர்ந்து வளர்றதுதான், ஆனா இது காட்டுல புடுங்கினது இல்ல, நர்சரியில வளத்தது, 25 வெள்ளி (ரிங்கிட்). அம்மா பாத்துட்டு கேட்ட மொத கேள்வி, "இதுல பூ எங்கடா?" வரும்மான்னேன். "வந்தப்புறம் வாங்கியிருக்கலாம்ல?"

இதோட வளர்ச்சி இருக்கே, அது தனிக் கூத்து. தண்டு படுத்தவாக்குல ஊர்ந்து போகும், ரெண்டு விரக்கடைக்கு ஒண்ணா கொழுகொழுன்னு ஒரு குமிழ், ஒவ்வொரு குமிழ் தலையிலயும் ஒரே ஒரு இலை, அவ்ளோதான் அலங்காரம். அடுத்த குமிழ் எப்பவும் முன்னாடிதான் வரும், திரும்பிப் பாக்கிற பழக்கமே கிடையாது. சட்டி நடுவுல நட்டா கொஞ்ச நாள்ல விளிம்புல நிக்கும், அப்புறம் அந்தரத்துல. அந்தரத்துல தொங்குற குமிழுக்கு வேர் வரும், ஆனா ஈரம் கிடைக்காம நுனி காஞ்சு கருகிடும், வேர் சரியா இல்லன்னா அடுத்து வர்ற குமிழ் சுண்டைக்கா சைஸ்ல நின்னுடும். அதனால இந்த மாதிரி செடிக்கு ஆழமான சட்டி வேஸ்ட் லா. அகலமா, ஆழம் கம்மியா ஒரு கூடை எடுத்து, தேங்கா மட்டைத் துண்டு, கொஞ்சம் பாசி போட்டு, பழைய குமிழை ஒரு ஓரத்துல ஒட்டி வச்சு, வளர்ற நுனிய எதிர் ஓரத்தப் பாத்து விடணும், தண்டு எழும்பாம இருக்க கம்பிய வளைச்சு கொண்டை ஊசி கணக்கா குத்தி வைக்கணும். எல்லாம் பக்காவா செஞ்சேன். அது பக்காவா கூடையத் தாண்டுச்சு.

தாண்டினது எங்க வீட்டுப் பக்கம் தாண்டியிருந்தா பரவால்ல. எங்களுக்கும் பக்கத்து வீட்டு ஆண்டிக்கும் நடுவுல இடுப்பளவு சுவரு, கூடை அது மேலதான் இருந்துச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டினாப்ல ஆண்டியோட கறிவேப்பிலத் தொட்டி. ஆண்டி அதுக்கு அரிசி கழுவுன தண்ணி, மீன் கழுவுன தண்ணின்னு ராஜ உபசாரம் பண்றது நம்மாளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ, நுனி நேரா அங்கதான் எறங்குச்சு. தொட்டி விளிம்புல காஞ்ச சருகு மக்கிக் கெடந்த எடத்துல வேரும் புடிச்சிருச்சு. ஆண்டி மொதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஒரு நாள் கறிவேப்பில ஒடிக்க வந்தவங்க, "அக்கா, உங்க வீட்டுது எங்க வீட்டுல சாப்புடுது"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அம்மாவுக்கு மானம் போயிருச்சு.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்துல அம்மா மீன் வெட்டுற கத்திரிய எடுத்து சுவரு மேல சரியா எல்லைக்கோட்டுல ஒரே வெட்டு. சாயந்திரம் என்கிட்ட "உன் செடிய அடக்கிட்டேன்"னு ரிப்போர்ட் வேற.

அம்மாவுக்குத் தெரியாதது என்னன்னா, முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கிற நுனிதான் பின்னாடி இருக்கிற குமிழை எல்லாம் தூங்க வச்சிருக்கும். ஒவ்வொரு குமிழோட அடியிலயும் தூங்குற மொட்டுக் கண்ணு இருக்கு, நுனிய வெட்டினா அது முழிச்சுக்கும். செடி பெருக்கணும்னு நினைக்கிறவங்க மூணு நாலு குமிழ் சேத்து வேணும்னேதான் வெட்டுவாங்க. சில மாசத்துல எங்க கூடையில ஒரு எடத்துக்கு ரெண்டு எடத்துல தளிரு, ஆண்டி தொட்டியில வெட்டுப்பட்ட துண்டு அது பாட்டுக்கு ஜோரா போய்க்கிட்டு இருக்கு. அம்மா கண்ணாடியப் போட்டு குனிஞ்சு பாத்துட்டு, "ஏண்டா, வெட்ட வெட்ட மொளைக்கிற ரக்தபீஜன் வம்சத்தையா வாங்கிட்டு வந்த?"ன்னாங்க.

பூத்ததும் ஆண்டி தொட்டியிலதான் மொதல்ல. வெளுத்த மஞ்சள்ல ஊதாப் புள்ளி. பக்கத்துல மூக்க வச்சா லேசா இஞ்சி வாசம், ஏன்னா ஜிஞ்சரோன்னு சமைச்ச இஞ்சியில வர்ற அதே சாமான்தான் இந்தப் பூவுலயும் இருக்கு. ஆண்டி டீ போட்டுட்டாங்களான்னு அம்மா எட்டிப் பாத்தாங்க. பாத்தா பூ மேல ஈ. சாதா ஈ இல்ல, கொய்யாவுக்குள்ள முட்டை விட்டு புழு வைக்குமே, அந்தப் பழ ஈ.

அம்மா ஒவ்வொரு கொய்யாவுக்கும் பேப்பர் சுத்தி காவல் காக்குற ஆளு. அலறிட்டாங்க. நான் பொறுமையா வெளக்குனேன், அம்மா இதுல வர்றது ஆம்பள ஈ மட்டும்தான், முட்டை விடுறது பொம்பள ஈ, பயப்படாதீங்கன்னு. அவங்க நின்னு பாத்தாங்க. ஒரு ஈ பூவோட உதட்டுல உக்காந்து நக்கிக்கிட்டே முன்னாடி நகந்துச்சு, அந்த உதடு கீல் வச்ச மாதிரி ஆடுறது, எடை மாறினதும் டபக்குன்னு சாய்ஞ்சு ஈயோட முதுக உள்ள தள்ளிருச்சு. கொஞ்ச நேரம் உதறி, முதுகுல மஞ்சளா மகரந்த உருண்டை ஒட்டிக்கிட்டு வெளிய வந்துச்சு. அம்மா சத்தம் போட்டு சிரிச்சாங்க. அப்புறம் சீரியஸா, "ஆம்பள வர்ற எடத்துக்கு பொம்பள வராமலா இருப்பா?"ன்னாங்க.

இத நான் காமெடின்னு நினைச்சுட்டு, சும்மா தேடினா, பினாங்குல டான் கெங் ஹோங், ஜப்பான்ல நிஷிதான்னு ரெண்டு பேரு 2000லயே இதே பூவப் பத்தி கட்டுரை எழுதியிருக்காங்க. அந்த ஆம்பள ஈ ஜிஞ்சரோன தின்னு உடம்புல சேத்து வச்சு, அத வச்சு பொம்பள ஈயக் கவர்ற வாசனைய விடுதாம். பூவுக்கும் லாபம், ஈக்கும் லாபம். கொய்யாவுக்கு என்னான்னு அவங்க எழுதல. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், "இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு"ன்னாங்க.

உடனே சுவருகிட்ட போயி, "தங்கச்சி, அந்தப் பூவ கிள்ளிப் போட்டுரு, என் கொய்யா போயிரும்"னு கெஞ்சல். ஆண்டி ஈரக்கையத் தொடச்சுக்கிட்டே வந்து பூவ ஒரு பார்வ பாத்தாங்க, எங்க கொய்யா மரத்த ஒரு பார்வ பாத்தாங்க.

"அதெப்படி அக்கா? வெட்டி விட்டது நீங்கதானே. பூவு எங்களுது, ஈ உங்களுது."