பவர்கிளைடை இறக்கி டர்போ 350 ஏற்றினேன்

வண்டி 1966 ஷெவர்லே ஷெவெல் மாலிபு. 283 வி8 இன்ஜின், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட், ஸ்டீயரிங் தண்டில் கியர் லீவர், அடியில் இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி (டிரான்ஸ்மிஷன்). அந்த பவர்கிளைடுதான் போன அக்டோபரில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் ரிவர்ஸில் போட்டால் உடனே நகராது. இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு, ஒரு குலுக்கலோடு பின்னால் போகும். குளிர் கூடக்கூட யோசிக்கும் நேரமும் கூடியது.

பிரித்துச் சரிசெய்யலாம். ஆனால் கை வைப்பதென்று ஆனபிறகு, அதே இரண்டு கியருக்காகவா என்று தோன்றியது. இந்தப் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 1.82. என் பின் ஆக்ஸிலின் விகிதம் 3.08. இரண்டையும் பெருக்கினால் 5.6. சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி சோம்பல் முறித்துக் கிளம்புவதற்கு இதுதான் காரணம். மூன்று கியர் உள்ள டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் முதல் கியர் 2.52, அதே ஆக்ஸிலோடு 7.8 கிடைக்கும். இன்ஜினைத் தொடாமலே கிளம்பும் இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது.

ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 போட்டால் நெடுஞ்சாலைக்கு நல்லது என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான், நான்காவது கியர் 0.70. ஆனால் அது நீளமான பெட்டி. பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரைப் பின்னுக்குத் தள்ளி, பின் ஆக்ஸிலுக்குப் போகும் டிரைவ்ஷாஃப்ட்டையும் வெட்ட வேண்டும். அதோடு ஆக்ஸிலரேட்டரோடு இணையும் அதன் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான் உள்ளே ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதைச் சரியாக வைக்காவிட்டால் கிளட்ச் கருகிவிடும். 350-இல் அந்தத் தலைவலி கிடையாது. அதன் கிக்டவுன் கேபிள் கழன்றாலும், மிதித்தால் கியர் இறங்காது, அவ்வளவுதான். 1969 மாடல் கார்களில் வந்த இந்தப் பெட்டியின் ஆறு அங்குல வால் உள்ள வகை, பவர்கிளைடு இருந்த இடத்திலேயே உட்காரும். அதே மவுண்ட், அதே டிரைவ்ஷாஃப்ட், டிரைவ்ஷாஃப்ட்டைப் பெட்டியோடு இணைக்கும் அதே 27 பல் யோக். 'அப்படியே கழற்றி அப்படியே மாட்டலாம்' என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். நானும் நம்பினேன். பெரிய சாமானைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

நான் இருப்பது மிச்சிகனில் யிப்சிலாண்டி. பக்கத்து வீட்டுப் பெரியவர் வில்லோ ரன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது பி-24 குண்டுவீச்சு விமானங்கள் செய்த அதே கட்டடம்தான். 1953 ஆகஸ்ட்டில் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆலை எரிந்து சாம்பலானது. அதன்பிறகுதான் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே இடம் பிடித்து டிரான்ஸ்மிஷன் செய்ய ஆரம்பித்தது. தீ விபத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் பான்டியாக் கார்களுக்குக்கூட ஷெவர்லேயின் பவர்கிளைடைத்தான் மாட்டி அனுப்பினார்களாம். "ஆபத்துக்கு உதவிய பெட்டியை இப்படித் தூக்கி வீசுகிறாயே" என்று கேலி செய்தபடியே தன் டிரான்ஸ்மிஷன் ஜாக்கியைக் கடன் கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை இறக்கும் வேலை. நான்கு ஸ்டாண்டு போட்டு வண்டியைத் தூக்கி, பேட்டரியைக் கழற்றி, ஆயிலை வடித்தேன். வடித்தபிறகும் மிச்சம் இருக்கும் என்பது டிரைவ்ஷாஃப்ட்டை உருவியபோது தெரிந்தது. வால் பக்கமாக அரை லிட்டராவது என் தோளில் இறங்கியது. தீய்ந்த நாற்றம். கிளட்ச்சின் கதை அந்த வாடையிலேயே தெரிந்துவிட்டது. கூலர் குழாய்கள், லீவர் ராடு, கார்பரேட்டரிலிருந்து வரும் ராடு, ஸ்பீடோமீட்டர் கேபிள், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் கன்வெர்ட்டரின் போல்ட்டுகள், கடைசியாக, பெட்டியின் முன்கூடான பெல் ஹவுசிங்கை இன்ஜினோடு இணைக்கும் போல்ட்டுகள். மேலே உள்ள இரண்டுக்கு மட்டும் இரண்டடி எக்ஸ்டென்ஷன் போட்டு, வால் பக்கத்தைத் தாழ்த்தித்தான் எட்ட முடிந்தது. மாலை நாலு மணிக்குள் பெட்டி தரையில்.

மறுநாள் ஏற்றம். 350 ஏறத்தாழ 120 பவுண்டு. கன்வெர்ட்டரும் சேர்ந்தால் இன்னும் கனம். ஏற்றுவதற்கு முன்பு, கன்வெர்ட்டரில் ஒரு குவார்ட் ஆயில் ஊற்றி, அதைப் பெட்டியின் மூக்கில் சொருகிச் சுழற்ற வேண்டும். உள்ளே மூன்று இடத்தில் அது பிடிக்க வேண்டும்: ஸ்டேட்டர் தண்டின் பற்கள், இன்புட் தண்டின் பற்கள், கடைசியில் பம்ப் கியர். ஒவ்வொன்றும் விழும்போது 'லொடக்' என்று கேட்கும், கன்வெர்ட்டர் ஒரு படி உள்ளே போகும். எண்ணும் வேலையை மகளிடம் கொடுத்திருந்தேன். நான் சுழற்றினேன், அவள் டார்ச் பிடித்தாள். ஒன்று. இரண்டு. அப்புறம் எவ்வளவு சுழற்றினாலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதும் விழுந்திருக்கும், நமக்குக் கேட்கவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஜாக்கியில் ஏற்றிவிட்டேன். "அப்பா, ரெண்டுதான் விழுந்துச்சு" என்றாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெல் ஹவுசிங் இன்ஜினோடு சேர அரை அங்குல இடைவெளியில் நின்றுவிட்டது. போல்ட்டை முறுக்கி இழுத்தால் வந்துவிடும் போலத்தான் இருந்தது. ஸ்பேனரை வைத்தும் விட்டேன். இப்படி முறுக்கி இழுத்துத்தான் பலரும் பம்ப்பை உடைக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. இறக்கினேன். கன்வெர்ட்டரை லேசாக வெளியே இழுத்து, அழுத்தாமல், எடையை மட்டும் கையில் தாங்கியபடி சுழற்றினேன். பத்து நிமிடம் கழித்து மூன்றாவது லொடக். இருவருக்கும் கேட்டது. அதன்பிறகு ஹவுசிங் விரலால் தள்ளியே இன்ஜினோடு சேர்ந்துவிட்டது. உள்ளே கன்வெர்ட்டர் தடையில்லாமல் சுழன்றது. இன்ஜின் தண்டின் முனையில் உள்ள தகடான பிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி. இருக்க வேண்டிய அளவு.

ஆக, பெரிய வேலை ஒரு வார இறுதியில் முடிந்தது. சில்லறை வேலைகள் மூன்று வாரம் தின்றன.

டிப்ஸ்டிக் குழாய் பழையது பொருந்தாது. புதிதாக வாங்கியது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இடித்தது. சூடேற்றி வளைத்து மாட்ட இரண்டு மாலை போயிற்று. கூலர் குழாய்களின் வாய் கொஞ்சம் தள்ளி இருப்பதால் அவற்றையும் வளைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கிக்டவுன் பவர்கிளைடில் ராடு, இதில் கேபிள். கார்பரேட்டர் பக்கத்தில் அதைப் பிடிக்க பிராக்கெட் கிடையாது. மூன்று மில்லிமீட்டர் தகட்டில் நானே ஒன்று வெட்டினேன். பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கேபிளும் முழுக்க இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

லீவர்தான் வேடிக்கை. ஸ்டீயரிங் தண்டில் உள்ள காடிகள் பி, ஆர், என், டி, எல் (பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ) என்று ஐந்து நிலைகளுக்கானவை. 350-க்கு ஆறு வேண்டும். ராடின் நீளத்தைச் சரிசெய்து முதல் நான்கையும் நேராக்கினேன். இப்போது எல் என்று காட்டும் இடத்தில் இரண்டாவது கியர். கையால் முதல் கியர் போட வழியில்லை. டி-யில் தானாகவே முதலில்தான் கிளம்புகிறது என்பதால் இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். பி-யிலும் என்-னிலும் மட்டும்தான் ஸ்டார்ட் ஆகிறதா என்பதை மட்டும் நாலு தடவை சோதித்தேன்.

ஆயில் ஊற்றி ஓடவிட்டதும் அடியில் சொட்டு. பெட்டியின் அடித்தட்டான ஆயில் பேனின் பேக்கிங் என்று நினைத்து 13 போல்ட்டையும் இன்னும் இறுக்கினேன். பேக்கிங் பிதுங்கியதுதான் மிச்சம். கண்ணாடி பிடித்துப் பார்த்தால், ஆயில் மேலிருந்து வழிகிறது. டிப்ஸ்டிக் குழாயின் அடியில் போட வேண்டிய ரப்பர் வளையம் என் வொர்க் பெஞ்சில், அதன் பாக்கெட்டிலேயே பத்திரமாக இருந்தது.

முதல் ஓட்டம் பயமுறுத்தியது. வண்டி முதல் கியரிலேயே கத்திக்கொண்டு போய், 40 மைலைத் தாண்டிய பிறகு 'டமார்' என்று இரண்டாவதுக்கு மாறியது. உள்ளே ஏதோ போய்விட்டது, பெட்டியைக் கொடுத்த ஆள் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே திரும்பினேன். பெரியவர் ஒரு வார்த்தைதான் கேட்டார்: "மாடுலேட்டர் குழாய்?" இன்ஜினில் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை இந்தப் பெட்டி இன்டேக்கின் வேக்கத்தை, அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவை, மாடுலேட்டர் வழியாக வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. வேக்கம் வராவிட்டால், ஓட்டுநர் முழு மிதியில் இருக்கிறார் என்று நினைத்து, தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாற்றும். கீழே போய்ப் பார்த்தேன். அரை அடி ரப்பர் குழாய் வெடித்து, முனை காற்றில் தொங்கியது. குழாய்க்குள் ஆயில் இல்லை. அதாவது மாடுலேட்டரின் உள்சவ்வான டயாபிரம் கிழியவில்லை. புதுக் குழாய் போட்டு, கிளாம்ப் மாட்டி, மறுபடி கிளம்பினேன். 15 மைலில் இரண்டாவது, 25-க்குப் பக்கத்தில் மூன்றாவது. மாறியதே தெரியவில்லை. பெட்டி கொடுத்தவரை மனசுக்குள் மன்னித்துவிட்டேன்.

ரிவர்ஸ் இப்போது போட்ட உடனே பிடிக்கிறது. ஸ்பீடோமீட்டர் மட்டும் பொய் சொல்கிறது: ஜிபிஎஸ் 60 என்றால் அது 54 காட்டுகிறது. அதன் கேபிளைச் சுழற்றும் சின்ன கியர் இப்போது 20 பல்; பல் குறைந்தால் அது வேகமாகச் சுழலும். 18 பல் ஒன்று தபாலில் வந்துகொண்டிருக்கிறது.